பழைய ஷேப்பு

முதலில் கைதட்டல்தான் கேட்டது. தகரக் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேர் ஒரே மூச்சாகத் தட்டுகிற மாதிரி, அதுவும் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து தட்டுகிற மாதிரி. ஏகாம்பரம் சின்னக் கதவின் கொண்டியில் கை வைத்தபடியே நின்றுவிட்டான். காலை ஏழு மணிக்கு, மதுரவாயல் பைபாஸ் ஓரத்தில், பதினோரு பழைய கார்களும் ஒரு வாட்ச்மேனும் தவிர வேறு யாருமில்லாத யார்டுக்குள் யார் யாருக்குக் கைதட்டுகிறார்கள் என்று ஒரு கணம் புரியவில்லை. அடுத்த கணம் புரிந்துவிட்டது. குனிந்து உள்ளே வந்தால், வாட்ச்மேன் தாவீது ஃபோனைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, காக்கிச் சட்டையைக் கழற்றி வீட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வாப்பா, உன் வண்டிக்குச் சக்களத்தி வந்துட்டா, பாத்தியா" என்றான், பொத்தானைப் போட்டபடி. "நேத்து சாயங்காலம் பம்பாய்ல துணிய உருவிட்டானுங்க. நான் நாலு தடவ பாத்துட்டேன். என்னா மினுக்கு மினுக்குறா." ஏகாம்பரம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று சாவிப் பெட்டியைத் திறந்து சாவிகளை எண்ணினான். எண்ணும்போதே ஓரக்கண் பார்த்துவிட்டது. பாதி மூடிய கண் மாதிரி ஒல்லியான ஹெட்லைட், அதற்கு நடுவில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு கிரில். இதற்கா தட்டுகிறார்கள். இந்த மூஞ்சிக்கா.

தாவீது போய்விட்டான். கைதட்டல் போகவில்லை. முதல் வண்டி, கேட்டை ஒட்டி நிற்கும் வெள்ளை ஜீப் மாதிரி ஒன்று. இதில் ஒரு தொல்லையுமில்லை, சாவியைத் திருகினால் உறுமும். ஜாபர் பாய் யார்டின் சட்டம் இது: விற்காத வண்டி ஒவ்வொன்றையும் தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும், பார்ட்டி வந்து ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பும்போது டிக் டிக் என்றால் அங்கேயே வியாபாரம் முடிந்தது. ஒரே நேரத்தில் நாலு வண்டியை உறுமவிட்டு டீ குடிக்கப் போகவும் கூடாது. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும், ஏசி போட்டு நிறுத்த வேண்டும், கண்ணாடிகளை இறக்கி ஏற்ற வேண்டும், டயர் ஒரே இடத்தில் சப்பையாகிவிடாமல் முன்னே நாலடி பின்னே நாலடி உருட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் பதினொன்றுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரமும் மனுஷன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை என்று இவனுக்கு இந்த நாலு மாதத்தில் தெரிந்துவிட்டது. கை சும்மா இருந்தால் தலை சும்மா இருப்பதில்லை. இன்றைக்குத் தலை ஏறிக்கொண்டதே அந்த ஒரு சொல்லின் மேல்தான். பொறுங்கம்மா. கொஞ்சம் பொறுங்கம்மா.

ஆறாவது வண்டிக்கு இன்னும் நாலு இருக்கிறது. அதுவரை யோசிக்க வேண்டாம். இரண்டாவது வண்டியில் ஒரு குழந்தை எப்போதோ ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர் கதவின் உள்பக்கம் பாதி கிழிந்து நிற்கிறது, சுரண்ட வேண்டும், நாளைக்குச் சுரண்டலாம். என்ன மாறிவிட்டது என்று கேட்கிறேன். நேற்று சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அந்த ஆறாவது ஒரு வண்டி. அஸ்ட்ரேல். சொன்னாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கிற வண்டி. பம்பாயில் எவனோ இரண்டு பெண்களை விட்டுக் கறுப்புத் துணியை இழுக்கச் சொன்னான், அவ்வளவுதான், ஆயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நின்ற இடத்தைவிட்டு அசையாத வண்டி ஒரே மணி நேரத்தில் பழைய ஷேப்பாகிவிட்டது. ஒரு போல்ட்டு தேய்ந்ததா? ஒரு கீறல் விழுந்ததா? அதே நட்டு, அதே தோல் சீட்டு, கதவைச் சாத்தினால் பஞ்சு மூட்டை விழுந்த மாதிரி அதே சத்தம். ஆனால் இனிமேல் வருகிறவன் அதைப் பார்க்கமாட்டான். பார்க்காமலே கேட்பான், "இது பழைய ஷேப்புதானே?" என்று. அந்த 'தானே'யில் ஏழு லட்சம் போய்விடும். மனுஷனுக்காவது வயசாக நாள் பிடிக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக ஆகிறது, பல் ஒன்று, கண் ஒன்று என்று முறை வைத்துப் போகிறது. வண்டிக்கு ஒரு துணியை இழுத்தால் போதும். அதிலும் புதுசில் பொத்தானே இல்லையாம். ஏசியைக் கூட்ட வேண்டுமென்றால் வண்டியோடு பேச வேண்டுமாம். பேசுவதற்கு வீட்டில் ஆளில்லாதவன் வாங்குவானாக்கும்.

மூன்றாவது வண்டியின் வைப்பர் கிறீச்சென்றது. நாலாவதில் போன வாரம் பார்ட்டி ஒருவன் வைத்துவிட்டுப் போன வாசனை டப்பா இன்னும் ஊதுபத்தியும் இருமல் மருந்தும் கலந்த மாதிரி மணந்துகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினான். பைபாஸ் சத்தம் உள்ளே கொட்டியது. அவன் வீடும் இதே சத்தத்துக்குள்தான், போரூர் மேம்பாலத்தின் இடுப்பை ஒட்டி இரண்டாவது மாடி, லாரி போனால் தம்ளர் நகரும், பேசுவதென்றால் கத்த வேண்டும், கத்திக் கத்தி அவனும் மனைவியும் பேசுவதையே விட்டுவிட்டார்கள், கோபமெல்லாம் ஒன்றுமில்லை, தொண்டை வலிதான். இரண்டு வருஷமாக வலது காதுக்குள் ஒரு கொசு வேறு, கொசு இல்லை, அதன் ரீங்காரம் மட்டும். டாக்டர் நரம்பு என்றார், பழகிக்கொள்ளுங்கள் என்றார். எதை எதைப் பழகிக்கொள்வது? கணக்குப் போட்டுப் பார்த்தால் புது ஷேப்பு அறுபது லட்சத்தில் ஆரம்பமாம், எவனும் எதிர்பார்க்கவில்லை, எழுபது எழுபத்தைந்து என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷோரூமில் தேங்கிக் கிடக்கிற பழைய ஷேப்பையே, ஒரு கிலோமீட்டர் ஓடாததையே, நாற்பத்தெட்டுக்குத் தள்ளிவிடப் போகிறார்களாம். அப்படியிருக்கும்போது ஆறு வருஷம் ஓடின ஒன்றை எந்த மடையன் முப்பத்தொன்றுக்கு எடுப்பான். எடுக்க வந்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருத்தன் வந்தான், கையில் ரொக்கத்தோடு வந்தான். ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர், கந்தப்பன் என்று பெயர், வெள்ளை வேட்டி, சிரித்தால் ஈறு தெரியும். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷன் என்பதுதான் எரிச்சல்.

அவர் என்ன செய்தார் என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாயிற்று. கெட்டதாக ஒன்றும் செய்யவில்லை. டேஷ்போர்டை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார், தேங்காய் முற்றியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு பின்சீட்டில் ஏறிக் குதித்துப் பார்த்தார். "ஏனுங்க, இந்தச் சீட்டெல்லாம் உரிச்சுப் போட்டுட்டு ரத்தச் செவப்புல அடிச்சுட்டா கல்யாணத்துக்கு கில்யாணத்துக்கு விடலாமுங்க. சைலன்சரையும் மாத்திப்போடணும். சத்தமே வர மாட்டேங்குதுங்க, வண்டி வருதுன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமுங்களா?" என்றார். அவ்வளவுதான். வாங்குகிறவன் தன் வண்டிக்குச் சிவப்பு அடிப்பான், பச்சை அடிப்பான், இவனுக்கென்ன. ஆனால் அந்த நேரம் ஏகாம்பரத்துக்குக் காதுக்குள் இருந்த கொசு சட்டென்று பெரிதாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வண்டிக்குச் சொந்தக்காரியான சுலோசனா அம்மா ஃபோனில் கேட்டாள், "முப்பத்தொண்ணுங்கறார் ஏகாம்பரம், குடுத்துடலாமா, நீ என்ன சொல்ற?" என்று. ஜாபர் பாயிடம் கேட்கவில்லை, இவனிடம் கேட்டாள். ஒன்பது வருஷம் அவள் புருஷனுக்கு டிரைவராக இருந்தவன், அதில் கடைசி ஐந்து வருஷம் இதே வண்டியை ஓட்டியவன், இவனுக்குத் தெரியாததா என்று கேட்டாள். இவன் சொன்னான், "கொஞ்சம் பொறுங்கம்மா. முப்பத்தஞ்சுக்குக் கீழ விடாதீங்க. தீபாவளி நெருங்குது, நல்ல பார்ட்டி வருவான்." எவ்வளவு நிதானமாகச் சொன்னான். குரல் கொஞ்சமாவது நடுங்கியிருக்கக் கூடாதா?

ஐந்தாவது வண்டி. முன்னே நாலடி. பின்னே நாலடி. எவனுக்குத் தெரியும் இப்படித் திடுதிப்பென்று புது ஷேப்பைக் கொண்டுவந்து இறக்குவான் என்று, கம்பெனிக்காரன் மனசில் இருப்பது கூரைக்குக் கீழே வண்டி துடைக்கிறவனுக்கு எப்படித் தெரியும், ஜோசியமா பார்க்க முடியும், அடுத்த வருஷம் வரும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், எல்லாரும் என்றால், சரி, எல்லாரும் இல்லை. பன்னீர் சொல்லவில்லை. பன்னீர் வேறு சொன்னான். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் ஏகாம்பரம் வேறெதையாவது பிடித்துக்கொள்வான், ஸ்டீயரிங்கின் தையலையோ, வண்டிக்குள் வந்த ஈயையோ. இன்றைக்கு ஈ கூட இல்லை. பன்னீர் துறைமுகத்திலிருந்து கார் ஏற்றிக்கொண்டு போகும் டிரெய்லர் ஓட்டுகிறவன், பழைய சிநேகம். கந்தப்பன் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் டீக்கடையில் நின்றுகொண்டு, "மாமா, ராத்திரி ரெண்டு அஸ்ட்ரேல் ஏத்தினேன், மூஞ்சிக்கும் முதுகுக்கும் கறுப்பு பையை மாட்டித் தச்சே வச்சிருக்கானுங்க, தொட்டா வேல போயிடும்னு சொன்னானுங்க. புது ஷேப்பு மாமா. ஒரு மாசத்துல இறங்கிடும். எவனாவது பழச வச்சிருந்தா இப்பவே தள்ளிவிடச் சொல்லு" என்றான். தள்ளிவிடச் சொல்லு என்றான். தெளிவாகச் சொன்னான், தமிழில் சொன்னான், அன்றைக்கு டீக்கடையில் சத்தம்கூட அதிகமில்லை. இவன் டீக்குக் காசு கொடுத்தான். மீதி வாங்கிக்கொண்டான். மூன்றாம் நாள் அம்மாவிடம் பொறுங்கள் என்றான்.

ஆறாவது. இதன் பக்கத்தில் வந்ததும் ஷூவைத் தட்டிக்கொண்டு ஏறுவது வழக்கம், இன்றைக்கும் தட்டினான், தட்டியதற்காகத் தன்மேலேயே எரிந்து விழுந்தான். கதவைச் சாத்தினான். பைபாஸ் நின்றுவிட்டது. லாரிகள் கண்ணாடிக்கு வெளியே மீன் மாதிரி போய்க்கொண்டிருந்தன. காதுக்குள் கொசுகூட எங்கோ தூரத்து அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. மற்ற வண்டிகளுக்குப் பத்து நிமிஷம், இதற்கு மட்டும் அரை மணி. யார்டு முழுக்க இந்தக் கதை தெரியும். "என்னய்யா, சம்சாரத்தோட பேசி முடிச்சாச்சா?" என்று ஜாபர் பாய் கண்ணாடியைத் தட்டுவார். பேச்சு ஒன்றுமில்லை. இங்கே பேச்சே வேண்டியதில்லை, அதுதான். வைத்தியலிங்கம் சார் உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். காண்ட்ராக்ட் சைட்டில் ஜல்லி மெஷின் சத்தத்துக்கு நடுவில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து பின்சீட்டில் சாய்வார், கதவு சாத்தும், இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் திண்டிவனம் வரை போவார்கள். ஒருமுறை செங்கல்பட்டு ஏரி தாண்டும்போது அவர், "ஏகாம்பரம், ரேடியோ போடாதே" என்றார். ரேடியோ ஓடிக்கொண்டே இல்லை. "போடலைங்க சார்" என்றான். "ஆமா, போடாதே" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் பேசியதில் இவனுக்குப் பிடித்தது அதுதான். அவர் இறந்த பிறகு கடன்காரர்கள் வந்தபோது வீடு போனது, சைட் போனது, மெஷின்கள் போயின. வண்டி மட்டும் மிஞ்சியதற்குக் காரணம் ஒரு எண்கணிதக்காரன். எட்டாம் எண்காரர் பெயரில் நாலு சக்கரம் ஆகாது, மனைவி பெயரில் வாங்குங்கள் என்று அவன் சொல்லியிருந்தான், சாரும் கேட்டார். அதனால் ஆர்சி புக்கில் சுலோசனா என்று இருந்தது, அதனால் எவனும் தொட முடியவில்லை. அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு புத்தகம்தான்.

ஃபோன் அதிர்ந்தது. சுலோசனா அம்மா. எடுக்கவில்லை. தொடைமேல் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. எடுத்தால் என்ன சொல்வது? கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லலாம். பாதி உண்மை. யாருக்கும் தெரியாது என்று சொல்லலாம். பன்னீரை அவளுக்குத் தெரியாது, இனிமேல் தெரியப்போவதுமில்லை. அவள் கொழுந்தன் வீட்டு மாடியில் இருக்கிறாள், பதினாறு மாதமாக. ஓரகத்தி நல்லவள்தான், முகம் சுளிப்பதில்லை, ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டை இவளுக்கென்று பிரித்துக் கொடுத்திருக்கிறாள். "கீழ்த்தட்டுல ஐஸ் வாட்டர்கூட சரியா வர்றதில்ல ஏகாம்பரம்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், அப்படிச் சிரித்ததை அவன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கோயம்புத்தூர் வடவள்ளியில் வயசானவர்களுக்கென்று கட்டிய இடத்தில் ஒரு ரூம், ஒரு அடுப்படி, ஜன்னலைத் திறந்தால் மருதமலை, அதைத்தான் அவள் பார்த்து வைத்திருந்தாள். முப்பதுக்குச் சாவி. முப்பத்தொன்று கைக்கு வந்தது, வந்ததை இவன் ஒரு சொல்லில் தட்டிவிட்டான். எதற்கு? இதுதான் தலைக்குள் மாட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. பேராசை என்றால் புரியும். அம்மாவுக்கு இன்னும் நாலு லட்சம் வரட்டும் என்ற நல்லெண்ணம் என்றாலும் புரியும், அப்படித்தான் தனக்குத்தானே இரண்டு வாரம் சொல்லிப் பார்த்தான். ஒரு அரை மணி நேரம். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார ஒரு அரை மணி நேரம். இதை ஒருத்தனிடம் சொல்ல முடியுமா? சொன்னால் சிரிக்கக்கூட மாட்டான், கொஞ்சம் தள்ளி நிற்பான். ஃபோன் மறுபடி அதிர்ந்தது. சனியனே, என்று ஃபோனைச் சொன்னான், ஃபோனைத்தான் சொன்னான், பக்கத்துச் சீட்டில் கவிழ்த்து வைத்தான், கவிழ்த்து வைத்தாலும் சீட்டுத் தோல் வழியாக அதிர்வு முதுகுக்கு வந்தது.

கண்ணாடியில் தட்டுச் சத்தம். ஜாபர் பாய், தொப்பியைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, அறுபத்திரண்டு வயசிலும் வெயிலைத் திட்டிக்கொண்டேதான் வருவார். ஏகாம்பரம் கண்ணாடியை இறக்கினான்.

"பாத்தியா ஷேப்ப?"

"பாக்கல பாய்."

"பாக்காதே. நான் பாத்துட்டு ராத்திரி பிரியாணி இறங்கல." அவர் வண்டியின் பானெட்டில் கை வைத்தார், ஜுரம் பார்க்கிற மாதிரி. "காலைல இருந்து மூணு பேரு ஃபோனு. மூணு பேரும் விக்கிறவன். வாங்குறவன் ஒருத்தன் இல்ல. இருபத்தி நாலு போனா பெரிய விஷயம்யா. தீபாவளி கழிஞ்சா இருபத்தி ரெண்டு. பொங்கலுக்கு இத எவன்னா ஓசில எடுத்துட்டுப் போய்க்கன்னு சொல்லணும்."

"இஞ்சின் சுத்தமா இருக்குது பாய். அறுபதாயிரம் கிலோமீட்டர்தான்."

"யோவ், இஞ்சினப் பாத்து எவன்யா வாங்குறான். எதிர்ல சிக்னல்ல நிக்கிறவன் பாக்குறதுக்குத்தான் வாங்குறான். அவன் லைட்டப் பாப்பான், பழசுன்னுவான், சோலி முடிஞ்சது." அவர் குனிந்து உள்ளே பார்த்தார். "அந்தம்மா ஏன்யா அன்னிக்கு முப்பத்தொண்ணு வேணாம்னாங்க? நானும் யோசிச்சுப் பாத்தேன். பேராசைப்படுற ஆளா தெரியல."

ஏகாம்பரம் ஏசியின் திருகியை ஒரு புள்ளி குறைத்தான். திருகி. விரலில் பிடித்துத் திருகுகிற திருகி. "தெரியல பாய்" என்றான்.

"வர்றாங்க. உனக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு எனக்கு அடிச்சாங்க. ஆட்டோல ஏறிட்டாங்களாம்."

ஆட்டோவில். அண்ணா நகரிலிருந்து ஆட்டோவில். இந்த வண்டியின் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்துக்கொண்டு வருவாள், அந்தக் காலத்தில், என்ன பெரிய அந்தக் காலம், போன வருஷத்துக்கு முந்தின வருஷம். இன்ஜினை அணைத்துவிட்டு ஏழாவது வண்டிக்குப் போயிருக்கலாம். இறங்கவில்லை. அரை மணி ஆகவில்லை என்று உடம்பு உட்கார்ந்தே இருந்தது. இப்போதுகூட. இப்போதுகூட இது அரை மணி பார்க்கிறது பார் என்று அவனுக்கு அழுகை மாதிரி ஒரு எரிச்சல் வந்தது. சொல்லிவிடலாம். சொல்ல வேண்டாம். சொன்னால் மட்டும் ஏழு லட்சம் திரும்பி வருமா? சொல்லாவிட்டால் அவள் இன்னும் இவனை நம்புவாள், அடுத்து எதற்காவது ஃபோன் போட்டு நீ என்ன சொல்ற ஏகாம்பரம் என்பாள். அதுதான் தாங்காது. திட்டு தாங்கும். அவள் இன்னொருமுறை கேட்பது தாங்காது. கேட்டுக்கு வெளியே ஆட்டோ இரண்டு ஸ்ட்ரோக் இருமலோடு நின்றது. கண்ணாடியை மறுபடி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்ததால் அவனுக்கு அது கேட்கவில்லை, சின்னக் கதவில் குனிந்து நுழைகிற வெளிர்ச் சேலையைத்தான் பார்த்தான். குனிய அவளுக்கு முடியவில்லை. ஒரு கையைத் தகரத்தில் ஊன்றிக்கொண்டாள்.

இறங்கிப் போனான். ஜாபர் பாய் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், அவள் உட்காரவில்லை. பாய் இருபத்தி நாலு என்று சொல்ல இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை முகத்தில், அலுப்பு இருந்தது, வெயில் அலுப்பு.

"நீ ஃபோன் எடுக்கல."

"வண்டில இருந்தேம்மா."

"என் தம்பி பையன் ராத்திரி எனக்கு அந்தப் படத்தப் போட்டுக் காமிச்சான். அத்தே, டிரைவர்க்கு இது தெரியாம இருக்காதேன்னான். நான் சொன்னேன், ஏகாம்பரத்துக்குத் தெரிஞ்சா சொல்லியிருப்பானேன்னு." அவனை நேராகப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்மா" என்றான். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. ஜாபர் பாய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஈரோட்டுக்காரர் உனக்குக் கமிஷன் ஏதாவது தரமாட்டேன்னாரா? அதுக்காகவா? சொல்லிடு. தப்பில்ல. உனக்கும் குடும்பம் இருக்குது."

கதவு திறந்துவைத்த மாதிரி இருந்தது. ஆமாம்மா என்றால் போதும். கமிஷன் என்றால் அவளுக்குப் புரியும், பாய்க்குப் புரியும், ஊரே செய்கிறது, இரண்டு நாள் திட்டுவாள், மூன்றாம் நாள் பாவம் கஷ்டத்தில் செய்துவிட்டான் என்பாள். திருடன் என்ற பெயர் எவ்வளவு லேசான பெயர் என்று இப்போதுதான் தெரிந்தது. வாயைத் திறந்தான். ஆமாம் என்பதற்குத்தான் திறந்தான்.

"இல்லம்மா. வண்டி போயிடுமேன்னுதான்."

"எங்க போயிடும்?"

"காலைல ஸ்டார்ட் பண்ணி உள்ள உக்காருவேம்மா. அரை மணி நேரம். சத்தம் இருக்காது. அதுக்காகத்தான். வேற ஒண்ணும் இல்ல."

பைபாஸில் ஏதோ பெரிய லாரி போய்க்கொண்டே இருந்தது, போய் முடிக்கவில்லை. அவள் வண்டியைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள், மறுபடி வண்டியைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தவள் இப்போது மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு உக்கார ஒரு எடம் வேணும்னுதானேப்பா அத விக்கச் சொன்னேன்" என்றாள்.

அதற்குப் பிறகு பாயிடம் பேசினாள், நிதானமாக, கடையில் பருப்பு சொல்கிற மாதிரி. அந்த ஈரோட்டுக்காரருக்கே போடுங்க. இருபத்தி நாலுன்னா இருபத்தி நாலு. மீதிக்கு என் கொழுந்தன கேட்டுக்குறேன். கேட்பாள், கீழ்த்தட்டுக்குக் கீழே இன்னொரு தட்டு இருந்தால் அதில் போய் நிற்பாள், ஏகாம்பரம் நினைத்தான், நினைத்ததை நிறுத்த முடியவில்லை. பாய் ஃபோன் போட்டார். கந்தப்பனின் குரல் வெளியில் வழிந்தது, நல்ல மனுஷன், புது ஷேப்பு வந்திருச்சுங்களே, சரி, அம்மாவுக்காக இருபத்தி மூணரைக்கு எடுத்துக்கறனுங்க, நாளைக்கு முகூர்த்த நாளு, இன்னைக்கே ஈரோட்டுக்கு ஆளு போட்டு அனுப்பி விட்டுருங்க என்றது. முகூர்த்தம் என்றால் சிவப்பு சீட்டுக்கா என்று கேட்க நினைத்தான். பாய் அவளைப் பார்க்க, அவள் தலையை அசைத்தாள்.

"டெலிவரிக்கு ஏகாம்பரத்தையே அனுப்பிடறேம்மா. ஏழு மணி நேரம். வண்டியோட கை தெரிஞ்சவன், அலுங்காம கொண்டுபோய் விடுவான்" என்றார் பாய். எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டுவிடப் பார்க்கிற குரல்.

ஏழு மணி நேரம். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, சேலம். கண்ணாடி ஏற்றிவிட்டு, ரேடியோ போடாமல். வெட்கமில்லாமல் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்ததை அவன் பார்த்தான். இவ்வளவுக்குப் பிறகும்.

சுலோசனா அம்மா எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வேணாம் பாய்" என்றாள். "வேற யாரையாவது அனுப்புங்க."

கேட்டில் குனியும்போது பாய்தான் கை கொடுத்தார். ஏகாம்பரம் ஆறாவது வண்டியின் சாவியைப் பாயின் மேஜைமேல் வைத்தான், வளையத்தில் ஆர்சி நம்பர் எழுதிய அட்டை மேல்பக்கம் தெரியும்படி. பாய் வேறொரு டிரைவரின் நம்பரைத் தேட ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். மணி எட்டே முக்காலாகியிருந்தது. ஏழாவது வண்டி ஒரு சின்ன வெள்ளி நிற வண்டி, கதவு கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் சாத்தும். தூக்கிச் சாத்தினான். இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்தது. ஏசியைப் போட்டு நிறுத்தினான், கண்ணாடிகளை இறக்கினான், ஏற்றவில்லை, முன்னே நாலடி உருட்டி, பின்னே நாலடி உருட்டி, நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டான்.